முப்பது உயிரில் தொடங்கி மூன்று உயிரில் முடிக்க: கான்ட்ராவுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, டிவி கேம் வந்தது ஒரு டிசம்பர் லீவில். கடைசிக் காம்பராவில் இருந்த மாமா கொழும்பில் கடை வேலை. லீவுக்கு வரும்போது கேக்கோடு ஒரு அட்டைப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலம் அவர் வீட்டு இஸ்தோப்பில் கிடந்த செருப்புகளை எண்ணியிருந்தால் ஐம்பதைத் தாண்டியிருக்கும். பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளை டிவி. அதில்தான் நானும் அண்ணனும் முதன்முதலாகக் கான்ட்ரா என்ற, ஓடிக்கொண்டே சுடுகிற கேமை விளையாடினோம். முதல் உயிர் போக எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம், லீவுக்கு லீவு, அதே கேம். ஆறாவது ஸ்டேஜைத் தாண்டி எங்களால் போக முடியவில்லை. போன வருஷம் மறுபடி எடுத்தேன். ஏறக்குறைய இரண்டு மாதம், இரவு வேலை முடிந்து அரை மணி, முக்கால் மணி என்று உட்கார்ந்து, கடைசியில் கூடுதல் உயிர் தரும் ரகசியக் கோட் எதுவும் போடாமல் முடித்தேன். அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சின்ன வயதில் விளையாடி விட்டுவிட்டவர்களுக்கும், கான்ட்ராவை இன்னும் கையால் தொடாதவர்களுக்கும் இது உதவும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த கேமுக்குக் கைவேகம் வேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறோம். அதைவிட வழி தெரிந்திருப்பதுதான் வேண்டும். கொழுந்து எடுக்கிற அம்மாமார் பனிமூட்டத்தில், எதிரே நிற்கும் ஆள்கூடத் தெரியாத நேரத்தில், முதுகில் கூடையோடு மலையிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கல் ஆடும், எந்தக் கானில் (வடிகாலில்) கால் வைக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். கான்ட்ராவும் அப்படித்தான். சுவரில் இருக்கும் துப்பாக்கி, வானத்தில் பறந்து வரும் ஆயுதக் கூடு, உருண்டு வரும் பாறை எல்லாம் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான். ஓடிவரும் சிப்பாய்கள் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே வருவார்கள்.

எந்தக் கான்ட்ரா?

கொனாமி நிறுவனம் 1987இல் கான்ட்ராவை முதலில் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரமாகத்தான் வெளியிட்டது. நாம் விளையாடியது 1988இல் நின்டெண்டோவின் வீட்டுப் பெட்டிக்காக வந்தது. ஜப்பானில் அந்தப் பெட்டியின் பெயர் ஃபேமிகாம், அமெரிக்காவில் என்.இ.எஸ். நம் ஊருக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டும் இல்லை, ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள். கசெட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக அச்சடித்திருப்பார்கள். உள்ளே இருப்பது இருபது முப்பதுதான், அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

உங்கள் கசெட்டில் இருந்தது ஜப்பான் பதிப்பா, அமெரிக்கப் பதிப்பா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. முதல் ஸ்டேஜில் மரங்கள் காற்றில் அசைந்ததாக ஞாபகமா? பனி ஸ்டேஜில் பனி பறந்துகொண்டே இருந்ததா? அப்படியென்றால் ஜப்பான் பதிப்பு. அமெரிக்கப் பதிப்பில் மரமும் பனியும் அசையாமல் நிற்கும். இதற்குப் போட்டி வைத்து அண்ணனோடு பந்தயம் கட்டியிருக்கிறேன். எங்களுடையது அசையாத மரம்.

இப்போது விளையாட மிகச் சுலபமான வழி, கொனாமி 2019இல் வெளியிட்ட கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன். ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் கிடைக்கும். கம்ப்யூட்டரில் வாங்குவதென்றால் தள்ளுபடி வரும் வரை காத்திருங்கள். இதில் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திச் சேமிக்கலாம். பழகுவதற்கு அந்த வசதி ரொம்ப முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பழைய பெட்டியைத் தூசி தட்டுகிறவர்களுக்கு

பரணில் பழைய பெட்டி இருந்தால் உடனே பிளக்கில் சொருகிவிடாதீர்கள். முதலில் அடாப்டரைப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த அசல் அடாப்டர் என்றால் அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் போட்டால் எரிந்துபோகும். நகல் பெட்டிக்குப் புது அடாப்டர் வாங்குவதென்றால், பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட் என்று அச்சடித்திருப்பதைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு சின்ன வட்டப் படமும் இருக்கும், பிளக்கின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் படம். அசல் ஃபேமிகாமுக்கு நடுவில் மைனஸ். நகல்களில் இரண்டு விதமும் உண்டு. கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான், பொருந்தும்" என்று சொன்னாலும் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கசெட். சின்ன வயதில் படம் வராவிட்டால் வாயால் ஊதினோம். அதை இப்போது செய்யவே கூடாது. மூச்சில் இருக்கும் ஈரம் பித்தளை நிறத்தில் இருக்கும் அந்தப் பற்களில் படிந்து அரித்துவிடும். மலைநாட்டில் வருஷத்தில் பாதி நாள் காற்றே ஈரம்தான், நாமும் ஊதிச் சேர்க்க வேண்டியதில்லை. பார்மசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கேளுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, 60 பற்களையும் மேலிருந்து கீழாக, ஒரே திசையில் தேயுங்கள். பஞ்சு முதல் தடவை கறுப்பாக வரும், இரண்டாவது தடவை சாம்பல் நிறம். வெள்ளையாக வரும் வரை பஞ்சை மாற்றிக்கொண்டே இருங்கள். பத்து நிமிடம் காயவிட்டுச் சொருகுங்கள். என் கசெட் ஆறு குச்சி கேட்டது.

வேலை முடிந்ததும் கசெட்டை பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைகள் இரண்டை உள்ளே போட்டால் நல்லது. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கும் காலத்தில் விளையாடி முடிந்ததும் பவர் பிளக்கையும் அண்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

வேகம் மாறியிருக்கும்

மறுபடி விளையாடத் தொடங்கியபோது என்னைக் குழப்பியது இதுதான். கைக்குப் பழகிய கேம், ஆனால் எல்லாமே ஒரு நொடி முந்தி வருவது போல இருந்தது. வயதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம் வேறு.

இலங்கையில் டிவி பால் (PAL) முறை, விநாடிக்கு 50 தடவை திரை புதுப்பிக்கப்படும். அந்த முறைக்குச் செய்த பெட்டிகளில் கேமும் விநாடிக்கு 50 அடிதான் எடுத்து வைக்கும். ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகள் 60. கான்ட்ராவின் ஓட்டம், தாவல், குண்டு எல்லாமே அந்த அடிக்கணக்கில் கட்டப்பட்டவை. ஆகவே பால் பெட்டியில் வளர்ந்தவர் இன்றைய அமெரிக்கப் பதிப்பை விளையாடினால், சின்ன வயதில் பார்த்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும் கேமைத்தான் விளையாடுகிறார். பாட்டுக்கூட வேகமாகக் கேட்கும். ஒரு வாரம் பொறுத்தால் கை புது வேகத்துக்குப் பழகிவிடும்.

இரண்டாவது, டிவி. பழைய குழாய் டிவியில் பட்டனை அழுத்திய கையோடு ஆள் தாவுவான். இப்போதைய தட்டை டிவிக்கள் படத்தை மெருகேற்றிக் காட்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதற்குள் குண்டு நெஞ்சில் பட்டிருக்கும். டிவியின் படத் தெரிவுகளில் "கேம் மோட்" என்று இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் மானிட்டரில் விளையாடுங்கள். இந்த ஒன்றைச் சரி செய்யாமல் நான் பத்து நாள் வீணடித்தேன்.

கை வைக்கும் விதம்

இடது கட்டைவிரல் திசைப் பட்டனில். வலது கட்டைவிரலை நிமிர்த்தி நுனியால் குத்தாமல், படுக்க வையுங்கள். நுனி "பி" பட்டனில், அதாவது சுடுவது. விரலின் நடு மூட்டு "ஏ" பட்டனில், அதாவது தாவுவது. சுட்டுக்கொண்டே மூட்டைச் சற்று அமுக்கினால் தாவல். இது பழகாதவர்கள் தாவும்போது சுடுவதை நிறுத்திவிடுவார்கள். பாதி உயிர் அங்கேதான் போகும்.

ஆள் தாவும்போது உருண்டையாகச் சுருண்டுவிடுவான், அதனால் குண்டு படும் இடமும் சின்னதாகிவிடும். தாவிய பிறகும் நடுவானில் திசை மாற்றலாம், பின்னாலும் திரும்பி வரலாம். கீழ் பட்டனை அழுத்தினால் படுப்பான், நிறையக் குண்டு மேலால் போய்விடும். மேடையில் நின்று கீழையும் "ஏ"யையும் சேர்த்து அழுத்தினால் கீழ்த்தட்டுக்கு இறங்குவான். தண்ணீரில் கீழ் பட்டனை அழுத்தினால் மூழ்கிக்கொள்வான், அப்போது அவன்மேல் எதுவும் படாது. ஆனால் சுடவும் முடியாது.

முதலில் முப்பது உயிர்

சாதாரணமாக மூன்று உயிர், அதற்கு மேல் மூன்று கன்டினியூ, அதாவது உயிர் எல்லாம் போனதும் மறுபடி தொடங்கும் வாய்ப்பு. எங்கே எது பட்டாலும் ஒரே அடியில் சாவு. இதைவைத்துக்கொண்டு புதியவர் வழி படிக்க முடியாது. ஆகவே முதல் மூன்று வாரமும் கோட் போட்டே விளையாடுங்கள். பெயர் வரும் முதல் திரையில்:

மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, ஸ்டார்ட்.

இரண்டு பேர் என்றால் "ஏ"க்குப் பிறகு செலக்ட்டை ஒரு தடவை அழுத்தி, பிறகு ஸ்டார்ட். நகல் பெட்டிக் கன்ட்ரோலரில் நான்கு பட்டன் இருந்தால், மேலே இருக்கும் இரண்டும் டர்போ, பிடித்திருந்தால் தானாகவே படபடவென்று அழுத்துபவை. கோட் போடும்போது அவற்றைத் தொடாதீர்கள்.

கோட் போடுவதை ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். அதை முதன்முதலில் எழுதிய கசுஹிசா ஹஷிமோட்டோ கேம் செய்கிற ஆள்தான். 1986இல் கிரேடியஸ் கேமை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, அதைச் சோதித்துப் பார்க்க அவராலேயே விளையாட முடியவில்லை, அவ்வளவு கஷ்டம். அதற்காகத் தனக்கே ஒரு வழி வைத்துக்கொண்டார். அவர் 2020 பெப்ரவரியில் காலமானார். செய்தி பார்த்த அன்று அண்ணனுக்கு அந்தப் பத்துப் பட்டனையும் எழுதி அனுப்பினேன். "ஸ்டார்ட்ட விட்டுட்ட" என்று பதில் வந்தது.

முப்பது உயிரோடு விளையாடும்போது ஒரு கொப்பியைப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு சாவையும் எழுதுங்கள்: எந்த ஸ்டேஜ், எந்த இடம், எது அடித்தது. ஒரு வாரத்தில் பார்த்தால் முப்பது நாற்பது சாவும் ஏழெட்டு இடத்தில்தான் குவிந்திருக்கும். அந்த ஏழெட்டு இடத்தையும் சேமித்து வைத்துத் தனியாகப் பழகுங்கள். சேமிக்கும் வசதி முக்கியம் என்று முன்னால் சொன்னது இதற்குத்தான்.

துப்பாக்கி

பறந்து வரும் கூட்டையோ, சுவரில் திறந்து மூடும் பெட்டியையோ சுட்டால் ஒரு எழுத்து விழும். அதை எடுத்தால் துப்பாக்கி மாறும்.

எஸ் என்றால் விசிறி போல ஐந்து குண்டு. இந்த கேமின் உயிர்நாடியே இதுதான். எம் என்றால் பட்டனை அழுத்திப் பிடித்தாலே தொடர்ந்து சுடும், இரண்டாவது சிறந்தது. எஃப் என்றால் சுருண்டு சுருண்டு போகும் நெருப்பு, குறி வைப்பது கஷ்டம். எல் என்றால் லேசர். லேசருக்கு ஒரு சூட்சுமம் உண்டு: முதல் கீற்று போய்ச் சேருவதற்குள் மறுபடி அழுத்தினால் முதல் கீற்று மறைந்துவிடும். படபடவென்று அழுத்துகிறவர்களுக்கும் டர்போ போடுகிறவர்களுக்கும் லேசர் எதையுமே அடிக்காதது அதனால்தான். ஒன்று, நிறுத்தம், இன்னொன்று என்று சுட வேண்டும். ஆர் எடுத்தால் கையில் இருக்கும் துப்பாக்கியின் குண்டு வேகம் கூடும். பி எடுத்தால் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் உங்களைத் தொடாது.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, விழுகிற எழுத்தையெல்லாம் ஓடிப் போய் எடுப்பது. கையில் எஸ் இருக்கும்போது எல் விழுந்தால் அதைத் தாண்டித் தாவிவிடுங்கள். எடுத்தால் எஸ் போய்விடும். இன்னொன்று, செத்தால் துப்பாக்கியும் போய்விடும். உயிர் ஒன்று போனதைவிட எஸ் போனதுதான் பெரிய நட்டம். வெறும் துப்பாக்கியோடு அடுத்த இடத்தில் மறுபடி சாவோம், அதற்கடுத்ததிலும் சாவோம். மூன்று உயிரும் ஒரே நிமிடத்தில் போகிறதே என்று சின்ன வயதில் அழுதது இதனால்தான். ஆகவே ஒவ்வொரு ஸ்டேஜிலும் எஸ் எங்கே வருகிறது என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ஸ்டேஜ் ஸ்டேஜாக

மொத்தம் எட்டு. சரளமாக ஓடினால் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் கேம் இது.

முதல் ஸ்டேஜ் காடு. இதை மட்டும் ஒரு வாரம் விளையாடுங்கள், சாகாமல் முடிக்கும் வரை அடுத்ததுக்குப் போகாதீர்கள். காலடியில் வெடிக்கும் பாலங்கள் வரும். பாலத்தில் ஏறிவிட்டால் நிற்காதீர்கள், ஓடிக் கடந்துவிடுங்கள். தண்ணீரில் விழுந்தால் சாகமாட்டீர்கள், நீந்தி ஏறலாம். வெட்டவெளியில் நின்று யோசிக்கவும் கூடாது, நின்றால் சிப்பாய்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சுவர்த் துப்பாக்கியை அடித்ததும் நகருங்கள். கடைசியில் கோட்டைச் சுவர். முதலில் இரண்டு பீரங்கிகள், பிறகு கீழே ஒளிரும் சிவப்பு மையம். எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் அது சிவப்பாக இல்லை. எங்கே சுடுவது என்று தெரியாமல் சுவர் முழுக்கச் சுட்டோம். பின்னால் டவுனில் ஒரு கடையில் கலர் டிவியில் பார்த்தபோதுதான் அது விளக்கு மாதிரி எரிவதே தெரிந்தது.

இரண்டாவதும் நான்காவதும் உள்ளே நோக்கிப் போகும் கோட்டைகள். ஆளின் முதுகுதான் தெரியும். ஒவ்வொரு அறையிலும் எதிர்ச் சுவரில் இருக்கும் மையத்தைச் சுட்டால் மின்வேலி அணையும், அதற்கு முன் முன்னேறினால் ஷாக் அடித்து நின்றுவிடுவீர்கள். பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே சுடுங்கள், தரையோடு உருண்டு வருவதைத் தாவுங்கள். எஸ் இருந்தால் இவை லேசு.

மூன்றாவது நீர்வீழ்ச்சி. எங்கள் லயத்துப் பிள்ளைகள் இதற்கு வைத்த பெயர் டெவன். தலவாக்கலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற டெவன் நீர்வீழ்ச்சி மாதிரி பாறை பாறையாக இருக்கும். இதில் மேலே ஏற வேண்டும். ஏறிய பிறகு திரை கீழே இறங்காது. நீங்கள் சற்றுமுன் நின்ற பாறை திரையின் அடியில் மறைந்துவிட்டால் அது இல்லாததுதான், அங்கே விழுந்தால் சாவு. உருண்டு விழும் பாறைகளைக் கீழே நின்று பாருங்கள், விழும் தடம் மாறாது. ஒன்று போனதும் ஏறுங்கள். நெருப்பு ஓடும் பாலத்தில் நெருப்பு உங்களை விட்டு விலகும்போது கால் வையுங்கள். பாஸுக்கு, அதாவது ஸ்டேஜின் கடைசியில் வரும் பெரிய எதிரிக்கு, இரண்டு நீளமான கைகள். கைகளின் நுனியைச் சுட்டு அழித்துவிட்டு, வாய் திறக்கும்போது மட்டும் வாயில் சுடுங்கள். மூடியிருக்கும்போது சுட்டு விரலை நோகவைக்க வேண்டாம்.

அண்ணனும் நானும் அடித்துக்கொண்டதெல்லாம் இந்த ஸ்டேஜில்தான். ஒருவர் மேலே தாவினால் திரை ஏறும், கீழே நிற்கிறவர் செத்துவிடுவார். "டேய், தாவாத, நான் கீழ நிக்கிறேன்!" என்று அவர் கத்துவதற்குள் நான் தாவியிருப்பேன். பக்கத்துக் காம்பரா ஆச்சி தட்டியில் தட்டி, "விடியப் பெரட்டுக்குப் போகணும், பேசாம படுங்கடா" என்று சொல்லும் வரை சண்டை நிற்காது.

ஐந்தாவது பனி. எங்களுக்கு அது நுவரெலியா. கையெறி குண்டு வீசுகிறவர்கள் உயரத்தில் நிற்பார்கள், அவர்களை முதலில் அடியுங்கள். கவச வண்டி வந்தால் பின்வாங்க இடம் வைத்துக்கொண்டு சுடுங்கள். ஓரத்தில் மாட்டிக்கொண்டால் தப்ப முடியாது.

ஆறாவதில்தான் நாங்கள் மூன்று வருஷம் நின்றோம். குழாய்களிலிருந்து நெருப்பு பீறிடும், அணையும், மறுபடி பீறிடும். சின்ன வயதில் அணைந்ததும் ஓடினோம், நடுவில் மாட்டினோம். இப்போது செய்தது இதுதான்: ஓடாமல், குழாய்க்கு முன்னால் நின்று, வாய்விட்டு எண்ணினேன். எரிகிற நேரம் எத்தனை எண்ணிக்கை, அணைந்த நேரம் எத்தனை எண்ணிக்கை. அந்தக் கணக்கு மாறவே இல்லை. இரண்டு தடவை முழுதாக எண்ணிவிட்டு, மூன்றாவது தடவை அணைந்த கணத்தில் புறப்பட்டால் தாராளமாகக் கடக்கலாம். முதல் நெருப்பை அப்படிக் கடந்த இரவு, அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கவே கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். அங்கேயும் குழாய்தான். ஆனாலும் நாங்கள் பார்க்காத குழாய். பாஸ் ஒரு பெரிய கவசக்காரன், முள் தட்டுகளை வீசிக்கொண்டே துள்ளித் துள்ளி வருவான். தட்டு வரும்போது மேலே தாவுங்கள், தாவும்போதும் சுடுவதை விடாதீர்கள்.

ஏழாவதில் மேலிருந்து இறங்கும் கொக்கிகள், தரையிலிருந்து எழும் முள் சுவர்கள். எண்ணும் வழக்கம் இங்கேயும் உதவும். முள் சுவர்களைத் தூரத்திலிருந்தே சுட்டு உடைக்கலாம்.

எட்டாவது வேற்றுக்கிரகத்து உடம்பின் உள்ளே போவது போல இருக்கும். சுவரில் இருக்கும் வாய்களிலிருந்து பூச்சிகள் வரும். இங்கே எஸ் இல்லாமல் போகாதீர்கள். கடைசியில் துடிக்கும் இதயம். சுற்றியிருக்கும் முட்டைகளிலிருந்து வருவதை அடித்துக்கொண்டே இருந்தால் மூச்சு முட்டும். எஸ் இருந்தால் கிட்டப் போய் இதயத்தையே சுடுங்கள், விசிறியின் ஐந்து குண்டும் ஒரே இடத்தில் படும். முடிந்ததும் ஹெலிகொப்டர் புறப்படும், தீவு வெடிக்கும்.

பிறகு மூன்று உயிர்

முப்பது உயிரில் ஒரு தடவை முடித்ததும் கோட் போடுவதை நிறுத்திவிடுங்கள். முதல் நாள் மனசு விட்டுப்போகும், முதல் ஸ்டேஜிலேயே இரண்டு உயிர் போகும். பரவாயில்லை. கன்டினியூ செய்தால் அதே ஸ்டேஜின் தொடக்கத்திலிருந்துதான் வரும், ஆகவே மூன்று கன்டினியூவையும் முதல் நான்கு ஸ்டேஜில் செலவழிக்காமல் இருக்கப் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு ஆட்டத்துக்கு மேல் வேண்டாம். ஐந்தாவதில் கை சோர்ந்து, பழகிய இடத்தில் சாகத் தொடங்குவோம். கரண்ட் போனால் போகட்டும், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுங்கள். இரவு தூங்கி எழுந்து விளையாடும்போது கைக்குத் தானாக வருவது எனக்கு ஒவ்வொரு தடவையும் நடந்தது.

இரண்டு பேராக

தனியாக முடிப்பதைவிட இரண்டு பேராக முடிப்பது கஷ்டம், ஆனால் அதற்குத்தான் இந்த கேம். தொடங்கும் முன் மூன்று விஷயத்தைப் பேசிக்கொள்ளுங்கள். எஸ் யாருக்கு: முதலில் விழுவது பலவீனமாக விளையாடுகிறவருக்கு, அடுத்தது மற்றவருக்கு. நீர்வீழ்ச்சியில் யார் முன்னால்: ஒருவர் மட்டும் முன்னால் ஏறுவார், ஏறும் முன் வாய்விட்டுச் சொல்வார், மற்றவர் "வந்துட்டேன்" என்ற பிறகுதான் அடுத்த பாறை. சுடும் திசை: முன்னால் போகிறவர் எதிரே வருவதை, பின்னால் வருகிறவர் மேலேயும் முதுகுப் பக்கமும்.

எங்கள் லயத்து டிவி கேம் என்ன ஆனது என்று தெரியவில்லை. அண்ணன் இப்போது வத்தளையில் இருக்கிறார், மகளுக்கு ஒன்பது வயது. சித்திரை வருஷப் பிறப்புக்கு மூன்று பேரும் வருகிறார்கள். இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கி வைத்துவிட்டேன். அண்ணனிடம் போனில் சொல்லியும்விட்டேன்: முதல் எஸ் அவருக்கு, டெவனில் அவர்தான் முன்னால். "நீ தாவாம நிப்பியா?" என்று கேட்டார். நிற்பேன் என்றேன்.